உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் சவுத் வார்ன்பரோ என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே ஜோ ஹாமில்டன் ஒரு கடையும் அதோடு சேர்ந்த தபால் கவுண்ட்டரும் நடத்திவந்தார். ஒருநாள் கணக்கு முடிக்கும்போது 2,000 பவுண்டு குறைகிறது என்று கம்ப்யூட்டர் காட்டியது. கல்லாவை எண்ணினார், ரசீதுகளைப் புரட்டினார், எங்கே போனது என்று பிடிபடவில்லை. உதவி எண்ணுக்கு போன் போட்டார். எதிர்முனையில் சொன்ன பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். திரையில் இருந்த 2,000 அவர் கண்ணெதிரே 4,000 ஆனது.

இது என்ன கூத்து என்று கேட்டவருக்குக் கிடைத்த பதில்: "இப்படி வேற யாருக்கும் ஆகலை. உங்களுக்கு மட்டும்தான்."

அதே பதில் வேல்ஸில் ஒருவருக்குக் கிடைத்தது, யார்க்ஷயரில் ஒருவருக்குக் கிடைத்தது, சர்ரேயில் ஒருவருக்குக் கிடைத்தது. இப்படி நூற்றுக்கணக்கான பேர். ஒவ்வொருவரும் 'நான் மட்டும்தான் முட்டாள்' என்று நம்பி, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வீட்டை அடமானம் வைத்து, அம்மா அப்பாவிடம் கடன் வாங்கி, இல்லாத நஷ்டத்துக்குக் கைக்காசைக் கட்டினார்கள்.

வியாபார மோசடி என்றாலே காசை அள்ளிக்கொண்டு ஓடிய முதலாளிகள்தான் நமக்கு ஞாபகம் வருவார்கள். பிரிட்டிஷ் போஸ்ட் ஆபீஸ் விவகாரத்தில் யாரும் ஓடவில்லை. எல்லோரும் அவரவர் நாற்காலியில், அவரவர் சம்பளத்தில் உட்கார்ந்தபடியே செய்தார்கள். 1999க்கும் 2015க்கும் நடுவே 900க்கு மேற்பட்டவர்கள் திருடர்கள், பொய்க்கணக்கு எழுதியவர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். அதில் 700க்கும் மேல் போஸ்ட் ஆபீஸ் நிறுவனமே தொடுத்த வழக்குகள். இத்தனையையும் நடத்திக்கொடுத்தது மேலே சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் என்பது என் எண்ணம்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அங்கே சப்-போஸ்ட்மாஸ்டர் என்பவர் நம்மூர் தபால்காரரைப் போலச் சர்க்கார் சம்பளக்காரர் இல்லை. சொந்தக் காசு போட்டுக் கடை வாங்கி, அதன் ஒரு மூலையில் தபால் கவுண்ட்டர் நடத்தும் ஒப்பந்தக்காரர். பென்ஷன் பட்டுவாடா, ஸ்டாம்பு, வாகன வரி, மின்கட்டணம் என்று ஊர்ப் பணம் மொத்தமும் அந்த நாட்களில் அவர் கை வழியாகப் போகும். ஊரில் அவருக்கு மரியாதை உண்டு. வயதானவர்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்து "இதுல என்னப்பா எழுதியிருக்கு?" என்று கேட்கிற இடம் அது.

1999 வாக்கில் அந்தக் கவுண்ட்டர்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்து சேர்ந்தது. செய்து கொடுத்தது ஐசிஎல், ஜப்பானின் ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமான நிறுவனம். அரசு உதவித்தொகையைக் கார்டு மூலம் கொடுப்பதற்காக 1996இல் தொடங்கிய திட்டம் அது. உதவித்தொகைத் துறை பாதியிலேயே கைகழுவிவிட்டது. மிச்சம் இருந்ததைத் தேற்றி எடுத்து தபால் கவுண்ட்டர்களுக்கு மாட்டினார்கள்.

அன்றைய ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. சப்-போஸ்ட்மாஸ்டரின் கவனக்குறைவாலோ தவறாலோ நஷ்டம் வந்தால் அவர் ஈடு செய்ய வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் என்ன நஷ்டம் வந்தாலும் அவர் தலையில்தான் விடிந்தது. தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவே இல்லை.

ஆரம்ப வருஷங்களில் புதன்கிழமை சாயங்காலம் வாரக் கணக்கை முடிக்க வேண்டும். கடையைச் சாத்திவிட்டு ரொக்கத்தை எண்ண வேண்டும், ஸ்டாம்பை எண்ண வேண்டும், திரையில் இருக்கிற தொகையோடு ஒத்துப்போக வேண்டும். துண்டு விழுந்தால் என்ன வழி? கைக்காசைப் போடலாம். இல்லையென்றால் 'சரியாக இருக்கிறது' என்று பொத்தானை அழுத்திவிட்டு, வரும் வாரத்தில் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கலாம். கணக்கை முடிக்காமல் மறுநாள் கவுண்ட்டரைத் திறக்க முடியாது, காலையில் பென்ஷன் வாங்க ஊர் வந்து நிற்கும். அந்தப் பொத்தானை அழுத்திய கணத்தில் அவர் 'பொய்க்கணக்கு' என்ற குற்றத்தைச் செய்தவர் ஆகிறார். பொறியை வைத்தவர்களே பிறகு தணிக்கைக்கு வந்தார்கள்.

பிரிட்லிங்டனில் கிளை நடத்திய லீ காசில்டன், பணம் குறையும்போதெல்லாம் உதவி எண்ணைக் கூப்பிட்டார். 91 முறை. திருடுகிறவன் எவனாவது திருட்டைச் சொல்லத் தொண்ணூறு தடவை போன் செய்வானா? இந்தச் சின்னக் கேள்வி அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. சுமார் 25,000 பவுண்டு பாக்கி என்று அவர்மீது உரிமையியல் வழக்கு. வக்கீல் வைக்க வசதியில்லாமல் தானே வாதாடினார். 2007இல் தோற்றார். வழக்குச் செலவு என்று அவர்மேல் சுமத்தியது 321,000 பவுண்டு. மஞ்சள் நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஜோ ஹாமில்டன்மீது 36,000 பவுண்டு திருட்டு வழக்கு. பொய்க்கணக்கை ஒப்புக்கொண்டால் திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம் என்று பேரம் வந்தது. பணத்தையும் கட்ட வேண்டும், ஹொரைசனைக் குறை சொல்லவும் கூடாது. குற்றவாளிக்கூண்டில் நிற்பவரிடம் 'எங்கள் மென்பொருளைப் பற்றி வாய் திறக்காதே' என்று கேட்பதன் பொருள் என்ன? மடியில் கனம் இருந்தது என்பதுதான். ஊர்க்காரர்கள் காசு திரட்டிக் கொடுத்தார்கள். தண்டனை சொல்லும் நாளில் கிராமமே கிளம்பி நீதிமன்றத்துக்கு வந்து உட்கார்ந்தது. சிறைக்குப் போகாமல் தப்பினார். பிறகு வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார், அதே ஊர்க்காரர்களின் வீடுகளில். அவர்கள் ஒருநாளும் அவரைச் சந்தேகிக்கவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போஸ்ட் ஆபீஸ் போலீஸிடம் போகத் தேவையிருக்கவில்லை. தானே விசாரித்து, தானே வழக்குத் தொடுத்தது. பணம் போனது என்று சொல்பவரும், துப்புத் துலக்குபவரும், எதிர்த் தரப்புக்கு எந்த ஆவணத்தைக் கொடுப்பது என்று தீர்மானிப்பவரும் ஒரே ஆள். இந்த ஏற்பாட்டில் உண்மை வெளியே வர ஒரு சன்னலாவது வைத்திருந்தார்களா என்று தேடிப் பார்த்தேன், காணோம்.

சட்டத்தில் இருந்த ஒரு சன்னலையும் அரசே அடைத்தது. 1984ஆம் வருஷச் சட்டம் ஒன்றில், கம்ப்யூட்டர் தந்த கணக்கைச் சாட்சியமாகக் காட்டுகிறவர் அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியது என்றும் காட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று 1999இல் அதை நீக்கினார்கள். அதன் பிறகு, மாறாகக் காட்டும் சான்று இல்லாதவரை இயந்திரம் சரியாகத்தான் இருந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மாறான சான்று யாரிடம் இருக்கும்? இயந்திரத்துக்குச் சொந்தக்காரரிடம். கடைக்காரரிடம் இருப்பதெல்லாம் ஒரு திரையும் ஒரு ரசீது உருளையும்.

நான் பல வருஷமாக மென்பொருள் சப்போர்ட் வேலையில் இருப்பவன். இந்த விவகாரத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது நீதிமன்றக் காட்சிகளைவிட ஃபுஜிட்சுவின் உள் ஆவணங்கள்தான். பெரிய மென்பொருளில் பிழை இருப்பது குற்றமே இல்லை. பிழை இல்லாத மென்பொருள் இதுவரை பிறக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒவ்வொரு நிறுவனமும் 'தெரிந்த பிழைகள்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். என்ன அறிகுறி, யாருக்கெல்லாம் வந்தது, தற்காலிகமாக எப்படிச் சமாளிப்பது என்று வரிசையாக எழுதி வைப்போம். புதிதாக வேலைக்கு வருகிற பையனுக்கு முதல் வாரமே அதைத்தான் படிக்கக் கொடுப்போம். ஹொரைசனுக்கும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. அதில் பணக்கணக்கைக் குலைக்கும் பிழைகள் பதிவாகியிருந்தன. அதாவது "உங்களுக்கு மட்டும்தான்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், வேறு யாருக்கெல்லாம் வந்தது என்று ஃபுஜிட்சுவின் அலுவலகத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

ஒரு பிழையை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் கிளை, 2015 அக்டோபர். பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சேவை செய்யும் கவுண்ட்டருக்கு 8,000 பவுண்டு ரொக்கத்தை மாற்றிப் பதிய வேண்டும். எண்டர் தட்டினார் பொறுப்பாளர். திரை நகரவில்லை. யாராக இருந்தாலும் செய்வதைச் செய்தார், இன்னொரு முறை தட்டினார். மறுபடியும் இரண்டு முறை தட்டினார். ஒவ்வொரு தட்டலும் உள்ளே இன்னொரு 8,000 ஆகப் பதிவாகி, மொத்தம் 32,000 என்று நின்றது. 24,000 பவுண்டு கணக்கில் உதை. ஒரு பவுண்டுகூட எங்கேயும் போகவில்லை. தேடிப் பார்த்தால், இதே கோளாறு அதற்கு முன் ஐந்து வருஷங்களாக வேறு பல கிளைகளிலும் நடந்திருந்தது தெரிந்தது.

சீமா மிஸ்ரா விஷயத்துக்கு வருகிறேன். சர்ரேயில் வெஸ்ட் பைஃப்ளீட் கிளை நடத்தியவர், இந்திய வம்சாவளி. 74,000 பவுண்டைத் திருடினார் என்று வழக்கு. ஹொரைசனில்தான் கோளாறு என்று அவர் கடைசிவரை சொன்னார். மென்பொருளின் தரவுகளைக் கொடுங்கள் என்று அவர் தரப்பு திரும்பத் திரும்பக் கேட்டது. 2010 அக்டோபரில் கில்ட்ஃபோர்டில் விசாரணை. மென்பொருள் நம்பகமானது என்று சாட்சி சொல்ல ஃபுஜிட்சுவின் பொறியாளர் வந்தார்.

அந்த விசாரணைக்குச் சற்று முன்னால் போஸ்ட் ஆபீஸ் ஆட்களும் ஃபுஜிட்சு ஆட்களும் ஒரு கூட்டம் போட்டார்கள். சுமார் 40 கிளைகளில் கணக்கைக் குலைத்த ஒரு பிழையைப் பற்றிய கூட்டம். அதன் குறிப்பில், இது வெளியே தெரிந்தால் ஹொரைசன்மீது நம்பிக்கை போய்விடும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கும் என்று எழுதியிருக்கிறது. சரிசெய்ய யோசித்த வழிகளில் ஒன்று, கிளைக்காரருக்குத் தெரியாமல் அவர் கணக்குக்குள் போய்த் தொகையை மாற்றுவது. சீமா மிஸ்ராவுக்கு இந்தக் காகிதம் காட்டப்படவில்லை. நவம்பர் 11ஆம் தேதி 15 மாதச் சிறைத் தண்டனை. அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். அவர் வயிற்றில் இரண்டாவது குழந்தை. பிரசவத்தின்போது காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை இருந்தது. கணவரை ஊரில் சிலர் அடித்தார்கள்.

தீர்ப்பு வந்ததும் போஸ்ட் ஆபீஸின் வக்கீல் ஒருவர் அலுவலகத்துக்குள் மின்னஞ்சல் அனுப்பினார். ஹொரைசன்மீது வந்த தாக்குதலை முறியடித்துவிட்டோம், இனி இதைப் பார்த்து மற்றவர்கள் வண்டியில் ஏறமாட்டார்கள் என்ற தொனியில். இதை வாசித்தபோதுதான் அந்த ஒற்றை வாக்கியத்தின் முழு வேலையும் எனக்குப் புரிந்தது. 'உங்களுக்கு மட்டும்தான்' என்பது முதலில் போனில் சொன்ன பொய். நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகு அதுவே கொள்கை. ஒவ்வொரு தண்டனையும் அடுத்த வழக்குக்கு ஆதாரமானது. இத்தனை பேர் தண்டனை பெற்றிருக்கிறார்களே, மென்பொருளில் கோளாறு என்றால் தெரிந்திருக்காதா என்று கேட்க முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாதிக்கப்பட்டவர்களில் தெற்காசியர்கள் கணிசம். போஸ்ட் ஆபீஸின் விசாரணைப் பிரிவு சந்தேக நபர்களை இனவாரியாக வகைப்படுத்த வைத்திருந்த பட்டியல் 2023இல் வெளியே வந்தது. 'இந்திய, பாகிஸ்தானிய வகை' என்று ஒரு வகை. கறுப்பினத்தவருக்கு, இன்று யாரும் வாயில் எடுக்கக் கூசும் சொல். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எவ்வளவு ஆழத்தில் அந்த எண்ணம் ஊறியிருந்தால் அது ஒரு படிவமாக அச்சாகியிருக்கும்!

2013இல் போஸ்ட் ஆபீஸுக்கு வேலை செய்த சைமன் கிளார்க் என்ற வழக்கறிஞர் ஒரு கருத்துரை எழுதிக் கொடுத்தார். ஃபுஜிட்சு பொறியாளர் தனக்குத் தெரிந்த பிழைகளை நீதிமன்றத்திடம் சொல்லவில்லை, அவருடைய சாட்சியத்தை நம்பி நடத்திய வழக்குகள் கறைபட்டவை என்று. புதிய வழக்குகள் ஏறக்குறைய நின்றுபோயின. ஏற்கெனவே சிறைக்குப் போய் வந்தவர்களிடம் அதைப் பற்றி யாரும் போய்ச் சொல்லவில்லை. அந்தக் கருத்துரை அவர்கள் கைக்கு வர 2020 ஆகிவிட்டது. என் கோபம் உச்சத்துக்குப் போகிற இடம் இது. அதுவரை நடந்ததற்கு அறியாமை, மெத்தனம், மேலிடத்து நம்பிக்கை என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். அந்தக் காகிதம் மேஜைக்கு வந்த நாளிலிருந்து ஒரு சாக்கும் செல்லாது.

ஆனால் அதற்குப் பிறகும் வெளியே பேசிய பேச்சு மாறவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு கிளைக் கணக்கை மாற்ற முடியாது என்று 2015 வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஃபுஜிட்சுவில் வேலை பார்த்த ரிச்சர்ட் ரோல், நாங்கள் மாற்றினோம் என்று அந்த வருஷம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் வந்து சொன்னார். நாடாளுமன்றக் குழு முன்னால் போவதற்குச் சில நாள் முன்பு போஸ்ட் ஆபீஸின் அப்போதைய தலைமை நிர்வாகி பாலா வென்னல்ஸ் தன் ஆட்களுக்கு எழுதிய மின்னஞ்சலை நான் மறக்க மாட்டேன். தூரத்திலிருந்து மாற்ற முடியுமா, உண்மையான பதில் என்ன என்று கேட்கிறார். கேட்ட கையோடு, முடியாது என்பதுதான் பதிலாக இருக்கும் என நம்புவதாகவும், முடியாது என்று தான் சொல்ல வேண்டியிருப்பதாகவும் எழுதுகிறார். கேள்வியிலேயே பதிலை வைத்து அனுப்பினால் கீழே இருப்பவர் என்ன எழுதித் தருவார்? பொதுவெளிப் பொய்யில் பாதி இப்படித்தான் தயாராகிறது. நிறுவனமே அமர்த்திய செகண்ட் சைட் என்ற தணிக்கையாளர்கள் 2013லேயே பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் தோண்டிக்கொண்டே போனதும் 2015இல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அலன் பேட்ஸ் வேல்ஸில் லாண்டட்னோ பக்கம் கிளை நடத்தியவர். புரியாத கணக்குக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றதால் 2003இல் ஒப்பந்தத்தைப் பிடுங்கினார்கள். எனக்கு மட்டும்தானா என்று அவர் தேட ஆரம்பித்தார். 2009 மே மாதம் கம்ப்யூட்டர் வீக்லி இதழில் ரெபெக்கா தாம்சன் ஏழு சப்-போஸ்ட்மாஸ்டர்களின் கதையை எழுதினார். அந்த நவம்பரில் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்தின் பொதுமண்டபத்தில் பேட்ஸ் ஒரு கூட்டம் கூட்டினார். முன்பின் அறியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் தன் கதையைச் சொல்ல, எல்லாம் ஒரே கதையாக இருந்தது. அந்த மண்டபத்திலேயே போஸ்ட் ஆபீஸின் வழக்கு தோற்றுவிட்டது என்று நான் நினைக்கிறேன். மிச்சமெல்லாம் காலதாமதம்.

அந்தத் தாமதம் எத்தனை பெரியது! 2010இல் அப்போதைய தபால் துறை அமைச்சர் எட் டேவி, சந்திப்பதால் பயன் எதுவும் இல்லை என்று பேட்ஸுக்குப் பதில் எழுதினார். பாதிக்கப்பட்டவர்களில் 555 பேர் சேர்ந்து போஸ்ட் ஆபீஸ்மீது வழக்குப் போட்டார்கள். 2019 மார்ச்சில் நீதிபதி ஃப்ரேசர் முதல் தீர்ப்பை எதிராகச் சொன்னதும், இந்த நீதிபதியே வேண்டாம், பாரபட்சமானவர் என்று போஸ்ட் ஆபீஸ் மனுப் போட்டது. எடுபடவில்லை. டிசம்பரில் மென்பொருள் பற்றிய தீர்ப்பு வந்தது. ஹொரைசனில் கோளாறே இல்லை என்று பிடிவாதம் பிடிப்பது உலகம் தட்டை என்பதற்குச் சமம் என்கிற அளவுக்கு எழுதினார் நீதிபதி. 57.75 மில்லியன் பவுண்டுக்குச் சமரசம். வழக்குச் செலவு போக ஆளுக்குச் சராசரியாக 20,000 பவுண்டு தேறியது. அதைவிட அதிகமாகக் கைக்காசைக் கட்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம். அந்தப் பணம் எங்கே போனது? குறையாத பணத்தை ஈடு கட்டியிருக்கிறார்கள், அப்படியானால் அது போஸ்ட் ஆபீஸின் கணக்கில்தான் சேர்ந்திருக்க வேண்டும்.

2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 தண்டனைகளை ரத்து செய்தது. 2024 ஜனவரியில் இந்த விவகாரம் பற்றிய நாடகம் ஐடிவி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி நாடே கொதித்த பிறகு, தனிச் சட்டம் கொண்டுவந்து மீதி நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனைகளையும் நீக்கினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் வந்தது. 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று அதில் இருக்கிறது. அன்றைய தேதிவரை, பொய் சொன்ன ஒருவர்மீதும் குற்ற வழக்கு இல்லை.

இதையெல்லாம் 'அமைப்பின் தோல்வி' என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சொற்றொடரை நான் ஏற்க மாட்டேன். அமைப்பு மின்னஞ்சல் எழுதாது. கூட்டக் குறிப்பை மறைக்காது. ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது.

கம்ப்யூட்டர் சொன்னதே சரி என்று நீதிமன்றம் அனுமானிக்கும் அந்த விதியை மாற்றலாமா என்று பிரிட்டிஷ் அரசு 2025 ஜனவரியில்தான் கருத்துக் கேட்கவே ஆரம்பித்தது. என்னைக் கேட்டால் முதல் வேலையாக ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும். ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல ஒரு மென்பொருளின் கணக்கைக் காட்டுகிறார்கள் என்றால், அந்த மென்பொருளின் தெரிந்த பிழைகள் பட்டியல் முழுவதும், ஒரு வரி விடாமல், முதல் நாளே குற்றம் சாட்டப்பட்டவரின் கைக்கு வந்தாக வேண்டும். எங்கள் தொழிலில் அது இல்லாத இடம் கிடையாது. எடுத்துக் கொடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2010இல் கில்ட்ஃபோர்டில் சீமா மிஸ்ராவின் தரப்பு கேட்டுக்கொண்டிருந்தது ஏறக்குறைய அதைத்தான்.